பருத்தியின் வேர்முடிச்சு எதிர்ப்புத்திறன்: ஆய்வகத்திலிருந்து வயலுக்கு ஏன் நாற்பது ஆண்டுகள்?

1. கேள்வி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் நகரில் பணியாற்றிய பருத்தி மரபியலர் ரேமண்ட் ஷெப்பர்டு, ‘ஆபர்ன் 623 ஆர்.என்.ஆர்.’ என்ற பருத்தி வரிசையை 1974இல் அறிவியல் ஏட்டில் பதிவு செய்தார். பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் அதன் வேர்முடிச்சு நூற்புழு எதிர்ப்பைக் குறிப்பவை. சாதாரண அமெரிக்கப் பருத்தியின் வேரில் இந்த நூற்புழு இடும் முட்டைகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தச் செடியின் வேரில் இட முடியவில்லை. அமெரிக்கப் பருத்தியினத்தில் அதுவரை எவரும் கண்டிராத எதிர்ப்பு அது. அதே அளவு எதிர்ப்புத்திறன் கொண்ட இரகங்கள் விதைப்பையில் அடைபட்டு உழவர் கைக்கு வந்ததோ 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். இடையே ஓடியவை நாற்பது ஆண்டுகள்.

இந்தத் தாமதத்துக்கு நூற்புழுவியல் எழுத்துகளில் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் மரபியல் சிக்கல்: எதிர்ப்பு ஒரே மரபணுவில் இல்லை, அதைச் சோதித்தறிவது கடினம், மூலச் செடியின் மகசூலும் பஞ்சும் மோசம். இம்மூன்றும் உண்மையே. ஆனால் நாற்பது ஆண்டுகளை விளக்க இவை போதுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. போதாது என்பது என் கருத்து. இரக மதிப்பீட்டில் எதை அளந்தோம், எதை அளக்காமல் விட்டோம் என்பதிலும், மலிவாகக் கிடைத்த ஒரு குருணை மருந்திலும் மீதிக் காரணம் இருக்கிறது.

2. புழுவும் வேரும்

பருத்தியில் வேர்முடிச்சை உண்டாக்குவது பெரும்பாலும் மெலாய்டோகைன் இன்காக்னிடா என்னும் சிற்றினம். முட்டையிலிருந்து வெளிவரும் இரண்டாம் பருவ இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னே துளைத்து உள்ளே போய், சாறு கடத்தும் திசுவுக்கு அருகே தலையைப் பதித்து ஓரிடத்தில் தங்கிவிடும். அது செலுத்தும் சுரப்புகளால் அங்குள்ள சில செல்கள் பல உட்கருக்களோடு பெருத்துப் பூதச்செல்களாகின்றன. அதன்பின் புழு நகர்வதில்லை, அச்செல்களே அதன் வாழ்நாள் உணவு. பேரிக்காய் வடிவில் உப்பும் பெண்புழு, பசை போன்ற உறைக்குள் சில நூறு முட்டைகளை இடும். இனப்பெருக்கத்துக்கு ஆண் தேவையில்லை. மண் வெதுவெதுப்பாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை கிளம்பிவிடும்.

மணற்பாங்கான நிலங்களில் சேதம் அதிகம். வயலில் திட்டுத்திட்டாகச் செடிகள் குட்டையாக நிற்கும், ஈரம் இருந்தும் நண்பகலில் வாடும். உழவர் பெரும்பாலும் உரக்குறை என்றோ தண்ணீர்க்குறை என்றோ நினைத்துக்கொள்வார். பிடுங்கிப் பார்த்தாலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. கத்தரி, தக்காளி வேரில் தெரிவதுபோல் பெரிய முடிச்சுகள் பருத்தியில் உண்டாவதில்லை. சிறு பக்கவேர்களில் அங்கங்கே லேசான தடிப்பு மட்டும் தெரியும், மண்ணைக் கழுவாமல் பார்த்தால் அதுவும் தெரியாது. பயறுவகைச் செடியின் வேர்முண்டுகள் விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இந்தத் தடிப்பு வேரின் உடலே வீங்கியது என்பதால் உதிராது. பருத்திக்கு வேர்முண்டு கிடையாது, ஆகவே அதன் வேரில் எந்தத் தடிப்பைக் கண்டாலும் சந்தேகப்பட வேண்டும்.

மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருப்பதால் மட்டும் பருத்திக்கு ஆபத்து என்று முடிவுகட்டவும் கூடாது. மெலாய்டோகைன் இன்காக்னிடாவை விருந்தோம்பிச் செடிகளைக் கொண்டு நான்கு பிரிவுகளாக வகுக்கும் வட கரோலினாச் சோதனையில், பருத்தியே ஓர் அளவுகோலாக இருந்தது. 3, 4ஆம் பிரிவுகள் பருத்தியில் பெருகும், 1, 2ஆம் பிரிவுகள் பெருகா. மெலாய்டோகைன் ஜவானிகாவும் பருத்தியில் பெருகுவதில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலோ மெலாய்டோகைன் அக்ரோனியா என்னும் வேறொரு சிற்றினம் பருத்தியைத் தாக்குகிறது. இரகத்தின் எதிர்ப்புத்திறன் என்று பேசும்போது எந்தப் புழுவுக்கு எதிரான திறன் என்ற கேள்வி கூடவே வர வேண்டும்.

3. எதிர்ப்பு வேறு, தாங்குதிறன் வேறு

நூற்புழுவியலில் எதிர்ப்புத்திறனுக்கு வரையறை, செடியின் நலத்தை வைத்து அமைவதில்லை. புழு அந்தச் செடியில் எவ்வளவு பெருகுகிறது என்பதே அளவு. செடி எவ்வளவு மகசூல் இழக்கிறது என்பதைக் குறிப்பது தாங்குதிறன். இவ்விரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாங்குதிறன் மட்டும் உள்ள இரகம் நன்றாகக் காய்க்கும், வேரில் புழுவும் கோடிக்கணக்கில் பெருகும், அறுவடைக்குப் பின் நிலம் அடுத்த பயிருக்கு முன்னைவிட மோசமாக இருக்கும். எதிர்ப்புத்திறன் உள்ள இரகம் தன் பயிரைக் காப்பதோடு மண்ணிலுள்ள புழுவின் தொகையையும் குறைத்துவிட்டுப் போகும். அடுத்து அதே நிலத்தில் எதிர்ப்பில்லாத பயிரை இட்டாலும் அதன் பலன் அதற்குக் கிடைக்கும்.

எதிர்ப்புத்திறனின் ஆதாயத்தில் ஒரு பெரும்பகுதி விதைத்த ஆண்டில் கணக்கில் ஏறுவதில்லை. இரகச் சோதனைகளோ, உலகெங்கும், ஒரு பருவத்தின் மகசூல், அரவை சதவீதம், இழை நீளம், இழை வலிமை ஆகியவற்றை அளப்பவை. அறுவடைக்குப் பின் பாத்தி மண்ணை எடுத்துப் புழு எண்ணிப் பார்ப்பது அவற்றின் வழக்கத்தில் இல்லை. நூற்புழு இல்லாத ஆராய்ச்சிப் பண்ணையில் எதிர்ப்பு இரகமும் மற்ற இரகமும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்றால் எதிர்ப்பு இரகம் வெல்லக் காரணமே இல்லை. தாமதத்தின் வேர்களில் ஒன்றை நான் இங்கே காண்கிறேன்.

4. 1892 முதல் 1974 வரை

நூற்புழுவையும் பருத்தி வாடல் நோயையும் இணைத்து முதலில் எழுதியவர் ஜார்ஜ் அட்கின்சன். அலபாமாவில் 1892இல், வேர்முடிச்சு உள்ள இடத்தில் ஃபியூசேரியம் வாடல் கடுமையாக இருப்பதை அவர் குறித்தார். அடுத்த பத்தாண்டில் அமெரிக்க வேளாண் துறையின் வில்லியம் ஆர்ட்டன், தென் கரோலினாக் கடலோரத் தீவுகளில் வாடலுக்குத் தப்பி நின்ற தனிச் செடிகளைத் தேர்ந்து வாடல் எதிர்ப்புப் பருத்திகளை உருவாக்கினார். வேர்முடிச்சு மிகுந்த நிலத்தில் அத்தகைய பருத்திகளும் வாடின. நூற்புழு எதிர்ப்பை முதலில் காட்டிய பயிர் பருத்தியும் அன்று. ‘அயர்ன்’ என்ற தட்டைப்பயறு இரகம் வாடலையும் வேர்முடிச்சையும் எதிர்ப்பதை வெப்பரும் ஆர்ட்டனும் 1902இல் வெளியிட்டனர்.

பருத்தி வளர்ப்பாளர்கள் இதிலிருந்து பெற்ற பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. வாடல் எதிர்ப்பைத் தேடினார்கள், நூற்புழு எதிர்ப்பு அதன் நிழலில் ஓரளவு தானாக வந்து சேர்ந்தது. கிளீவ்வில்ட் அப்படி வாடலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பம். அதன் ‘6-1’ வரிசையில் வேர்முடிச்சுக்கு நடுத்தர எதிர்ப்பு இருந்தது.

ஷெப்பர்டு செய்தது, பின்னோக்கிப் பார்க்கும்போதும் வியப்பளிக்கிறது. கிளீவ்வில்ட் 6-1ஐ, ‘வைல்டு மெக்சிக்கோ ஜாக் ஜோன்ஸ்’ எனப்படும் பண்படாத மெக்சிக்கப் பருத்தியோடு கலந்தார். இரு பெற்றோருக்கும் எதிர்ப்பு நடுத்தரமே. சந்ததியில் சில செடிகளோ இருவரையும் வெகுவாக விஞ்சின. பெற்றோர் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எதிர்ப்பு மரபணு இருந்து, இரண்டும் ஒரே செடியில் கூடினால்தான் இது நடக்கும். மூலக்கூறு மரபியல் இதை உறுதி செய்ய 2006க்கும் 2010க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 11ஆம் குரோமோசோமில் உள்ள பகுதி கிளீவ்வில்ட்டிலிருந்தும், 14ஆம் குரோமோசோமில் உள்ள பகுதி மெக்சிக்கப் பருத்தியிலிருந்தும் வந்தவை. முதலாவது முடிச்சு உண்டாவதைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே நுழைந்த இளம்புழுவைத் தொடக்கத்திலேயே முடக்குகிறது. இரண்டாவது, அதைத் தாண்டி வளர்ந்த பெண்புழுவின் முட்டையிடலைக் குறைக்கிறது. இளம்புழுக்கள் எதிர்ப்புச் செடியின் வேரிலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் நுழைகின்றன. நுழைந்த பிறகுதான் அவற்றுக்குத் தடை.

5. மரபியல் விளக்கத்தின் வலு

இந்த இரட்டை மரபணு வளர்ப்பாளரை எவ்வளவு வதைத்திருக்கும் என்பதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு செடி எதிர்ப்புள்ளதா என்று அறிய, தொட்டியில் நாற்று வளர்த்து, எண்ணிக்கை தெரிந்த முட்டைகளை வேரருகே விட்டு, ஆறு ஏழு வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, துண்டு துண்டாக நறுக்கி, நீர்த்த வெளுப்புக் கரைசலில் சில நிமிடம் குலுக்க வேண்டும். முட்டை உறையின் பசை கரைந்து முட்டைகள் உதிரும். மேலே அகலக் கண்ணுள்ள சல்லடை வேர்த்துகளைப் பிடிக்கும், கீழே ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு கண்ணுள்ள சல்லடை முட்டைகளைப் பிடிக்கும். அவற்றைக் கழுவி எடுத்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஹஸ்ஸி, பார்க்கர் இருவரும் 1973இல் வெளியிட்ட இம்முறைதான் இன்றும் வழக்கில் உள்ளது. இதை ஆயிரக்கணக்கான செடிகளுக்குச் செய்து, அதுவும் வேரை நறுக்கிய பிறகு அந்தச் செடியிலிருந்தே விதை எடுப்பது எப்படி என்ற சிக்கலோடு, தலைமுறை தலைமுறையாகப் பின்கலப்பு செய்ய வேண்டும். முடிச்சுகளைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் குறுக்குவழி 14ஆம் குரோமோசோம் பகுதியைத் தவறவிடும், ஏனெனில் அதன் வேலை முட்டையில் தெரிவது, முடிச்சில் அதிகம் தெரியாது. முடிச்சை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்த வளர்ப்பாளர்கள் கையில் இரண்டில் ஒரு மரபணு நழுவிப்போக வாய்ப்பு மிகுதி.

தக்காளியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். காட்டுத் தக்காளி இனம் ஒன்றிலிருந்து, கருவை மீட்டு வளர்த்து, 1940களில் கொண்டுவரப்பட்ட ‘மை’ மரபணு தனியொன்று, ஓங்குதன்மை உடையது. அது பல இரகங்களுக்குள் பரவியது. பருத்தியின் எதிர்ப்பு இரண்டு இடங்களில் பிரிந்து கிடந்தது.

ஷெப்பர்டின் மூலவரிசை பழைய உடல்வாகு கொண்டது, மகசூலும் பஞ்சின் தரமும் வணிக இரகங்களுக்கு ஈடில்லை என்பதும் உண்மை. ஆனால் அவரும் மெக்கார்ட்டி, ஜென்கின்ஸ் முதலியோரும் சேர்ந்து இந்த எதிர்ப்பைப் பல்வேறு வணிக இரகங்களுக்குள் ஏற்றி ‘எம்-120’, ‘எம்-240’ போன்ற வரிசைகளை 1996இல் பதிவு செய்தார்கள். மூலவரிசையின் மோசமான உடல் என்ற காரணம் அன்றோடு பெருமளவு வலுவிழந்துவிட்டது. அதற்குப் பிறகும் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

6. எதிர்சாட்சிகள்

மரபியல் விளக்கத்தை இரண்டு இரகங்கள் அசைக்கின்றன. லூசியானாவில் 1990களின் தொடக்கத்தில் வெளியான ‘எல்.ஏ. 887’, நடுத்தர எதிர்ப்போடு உழவர் வயலுக்குச் சென்றது. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1995இல் ‘அகாலா நெம்-எக்ஸ்’ வந்தது. இது ஷெப்பர்டின் குடும்பத்தைச் சேராத தனி மூலம். பின்னடங்கும் தன்மையுடைய ஒரு மரபணு, அதுவும் 11ஆம் குரோமோசோமில். இரண்டு இரகங்களையும் உருவாக்கியபோது மரபணு அடையாளக் குறிகள் எவரிடமும் இல்லை.

நெம்-எக்ஸ் பிறந்த இடம் முக்கியம். அந்தப் பள்ளத்தாக்கில் அகாலா தவிர வேறு பருத்தி பயிரிடக் கூடாது என 1925 முதல் சட்டம் இருந்தது. பிற்காலத்தில் தளர்ந்தாலும், இழைத் தரம் குறித்த கண்டிப்பில் அமெரிக்காவிலேயே முன்னணியில் இருந்த பகுதி அது. அங்கேயே ஓர் எதிர்ப்பு இரகம் தரத் தேர்வைத் தாண்டி விற்பனைக்கு வந்தது என்றால், எதிர்ப்பும் பஞ்சின் தரமும் சேரவே சேராது என்ற வாதம் நிற்காது. உழவர் அதை வேண்டிய காரணமும் தெளிவு: அப்பகுதியின் மணல் நிலங்களில் வாடல் பூசணத்தின் 1ஆம் பிரிவு நூற்புழுவோடு சேர்ந்தே சேதம் செய்தது, வேர்முடிச்சைத் தடுத்தால் வாடலும் குறைந்தது.

மறுபக்கம், நெம்-எக்ஸ் ஒற்றை மரபணு என்பதால் அதை ஷெப்பர்டின் இரட்டை மரபணுவுக்கு நேர்ச்சாட்சியாகக் கொள்ள முடியாது என்ற மறுப்புக்கு இடமுண்டு. அதை ஏற்கிறேன். இரட்டை மரபணுவுக்கு அடையாளக் குறிகள் இன்றியமையாதவையாக இருந்திருக்கலாம். ஜார்ஜியாவில் எம்-120இலிருந்து குறிகளின் துணையோடு உருவான ‘ஜி.ஏ. 120ஆர்1பி3’ 2011இல் பதிவானதும் அந்தக் கருத்துக்கே வலு சேர்க்கிறது. ஆனால் குறிகளைக் கண்டறிவதே 2006 வரை ஏன் எவருக்கும் அவசரமாகப் படவில்லை?

7. குருணை மருந்தின் காலம்

ஆல்டிகார்ப், ‘டெமிக்’ என்ற பெயரில், அமெரிக்காவில் பருத்திக்கென 1970இல் பதிவானது. விதைக்கும்போதே சாலில் இட வேண்டிய குருணை. இளம்பயிரின் இலைப்பேனையும் அசுவினியையும் நூற்புழுவையும் ஒருசேர அடக்கியது. மண்ணுக்குப் புகையூட்டும் டி.பி.சி.பி., அதைத் தயாரித்த தொழிலாளர்களிடம் மலட்டுத்தன்மை கண்டறியப்பட்டு 1970களின் இறுதியில் விலக்கப்பட்டது. இன்னொரு புகையூட்டியான இ.டி.பி.க்கு 1983இல் தடை வந்தது. மற்றவை விலகவிலக ஆல்டிகார்ப் மேல் சாய்வு கூடியது.

அதன் விலையை வேறு எவரோ கொடுத்தார்கள். 1985இல் கலிஃபோர்னியாவில், முறைகேடாக அது இடப்பட்ட வயலின் தர்பூசணியைத் தின்ற நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். அதை உற்பத்தி செய்யப் பயன்பட்ட மீதைல் ஐசோசயனேட்தான் 1984இல் போபாலை அழித்த வாயு, அங்கு அது வேறொரு பூச்சிக்கொல்லிக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருந்தாலும். 2010இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பேயர் நிறுவனமும், 2014க்குள் ஆல்டிகார்ப் உற்பத்தியை முடித்துக்கொள்ள உடன்பட்டன.

இரட்டை மரபணு எதிர்ப்புடைய ஃபைட்டோஜென் 417, டெல்டாபைன் 1558 போன்ற வணிக இரகங்கள் வந்ததும் அதே கட்டத்தில். அடையாளக் குறிகள் கைக்கு வந்ததும் மருந்து விலகியதும் சில ஆண்டு இடைவெளிக்குள் நிகழ்ந்ததால், இரண்டின் பங்கைத் துல்லியமாகப் பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் சில செய்திகள் ஒரு பக்கம் சாய்கின்றன. எதிர்ப்பு வரிசை பொதுநிதியில் உருவானது, எவரும் வாங்கிப் பயன்படுத்தத் திறந்திருந்தது. அதே நாற்பதாண்டில் பூச்சி எதிர்ப்பு, களைக்கொல்லி தாங்கும் திறன் ஆகியவை அயல் மரபணுவாக ஏற்றப்பட்டு, 1996 தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே அந்நாட்டுப் பருத்திப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தன. காப்புரிமையும் விதை விலையும் அங்கே உடனடி ஆதாயம் தந்தன. இயற்கையில் கிடைத்த இரு குரோமோசோம் பகுதிகளால் அந்த ஆதாயம் இல்லை, குருணை இருந்தவரை உழவரிடமிருந்து வற்புறுத்தலும் இல்லை. நாற்பது ஆண்டுகளில் முதல் இருபதை மரபியலுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பின் இருபதுக்குப் பொறுப்பு, தேவையை மூடிமறைத்த மருந்தும் அதை அளக்காத சோதனை முறையுமே.

8. இந்திய வயலுக்கு இதில் என்ன?

தென்னிந்தியாவுக்கு வேர்முடிச்சு புதிதன்று. இந்தியாவில் அதை முதலில் பதிவு செய்தவர், பின்னாளில் கோவைக் கரும்பு ஆராய்ச்சியால் அறியப்பட்ட சி.ஏ. பார்பர், நீலகிரியின் தேவாலாத் தேயிலைத் தோட்டத்தில், 1901இல். ஆயினும் பருத்தியைப் பொறுத்தவரை வேர்முடிச்சு அரியானா, பஞ்சாப், இராஜஸ்தானின் மணற்பாங்கு நிலங்களின் சிக்கல். தமிழ்நாட்டுப் பருத்தியில் முக்கியமானது மொச்சை வடிவ நூற்புழு. இது வேரில் முடிச்சே உண்டாக்காது. ஷெப்பர்டின் இரு பகுதிகள் இதைத் தடுக்கா. இதற்கான எதிர்ப்பு வேறிடங்களில் கிடைத்தது: ஆப்பிரிக்கக் காட்டினமான காசிப்பியம் லாங்கிகேலிக்ஸ், பார்படென்ஸ் இனத்தின் ‘ஜி.பி. 713’. முதலாவதிலிருந்து வந்த ‘லோன்ரென்’ வரிசைகள், புழு மிகுந்த நிலத்தில் புழுவை அடக்கினாலும் தாமே குட்டையாகிப்போயின. இரண்டாவது வழியே தேறியது. நாட்டுப் பருத்தியான ஆர்போரியத்தின் சில சேகரிப்புகளிலும் எதிர்ப்பு உண்டு. நம் மண்ணில் நெடுங்காலம் விளைந்த இனம் என்பதால் அதை இங்கே ஆழமாகச் சலிப்பது நியாயமான முதல் வேலை.

இன்னொரு தடை, நம் விதை அமைப்பிலேயே இருக்கிறது. இந்தியப் பருத்திப் பரப்பில் பெரும்பங்கு வீரிய ஒட்டு இரகங்கள். 2002இல் வந்த பி.டி. மரபணு ஓங்குதன்மை உடையது, ஒரு பெற்றோரில் இருந்தால் போதும், அதனால் விரைந்து பரவியது. நெம்-எக்ஸ் மரபணு போன்ற பின்னடங்கும் பண்பு, இரு பெற்றோரிலும் இருந்தால் மட்டுமே ஒட்டுச் செடியில் வெளிப்படும். ஷெப்பர்டின் இரு பகுதிகளில் ஒன்றுக்கேனும் பகுதி ஓங்குதன்மைதான் என மரபியல் ஆய்வு சொல்வதால், அங்கும் இரு பெற்றோரையும் மாற்றுவதே பாதுகாப்பு. வேலை இரட்டிப்பாகும், விதை நிறுவனத்துக்குத் தனி இலாபம் இராது. சந்தை தானாக இதைச் செய்யும் என எதிர்பார்க்க அமெரிக்க வரலாறு இடந்தரவில்லை.

ஆல்டிகார்ப் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அமெரிக்கர் நாற்பது ஆண்டு சாய்ந்திருந்த தூண் நமக்கு இல்லை. அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தி ஆராய்ச்சித் திட்டத்தின் இரகச் சோதனைகளில் ஒவ்வொரு மண்டலத்திலும் நூற்புழு நிறைந்த ஒரு பாத்தியாவது இருக்க வேண்டும். வடக்கே அது வேர்முடிச்சுப் பாத்தி, தெற்கே மொச்சை வடிவப் புழுவின் பாத்தி. விதைக்கும் முன்னும் அறுவடைக்குப் பின்னும் அங்கே மண் எடுத்துப் புழு எண்ணி, அந்த எண்ணை மகசூல் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதற்கான ஆய்வகங்களும் ஆட்களும் வேளாண் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.